குரல்கள் அடங்கிய பிறகு

"மருந்து சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து சும்மாவே உட்கார்ந்திருக்கான் டாக்டர். குளிக்கச் சொன்னா குளிக்க மாட்டேங்கிறான், வேலைக்கும் போக மாட்டேங்கிறான். மருந்துதான் இவனைச் சோம்பேறி ஆக்கிடுச்சி." மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் தாய் தந்தையர் மருத்துவரிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. மலேசியாவின் கிள்ளானில் சொன்னாலும் சென்னையில் சொன்னாலும் வார்த்தைகள் பெரிதாக மாறுவதில்லை. பிள்ளை ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்று கத்தியிருப்பான். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளியிருப்பான். மருந்து தொடங்கிய சில வாரங்களில் அந்தக் கத்தல் ஓய்ந்தது, பயமும் குறைந்தது. ஆனால் பழைய பிள்ளை திரும்பி வரவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்கும் இன்னொருவன்தான் வந்திருக்கிறான்.

அடுத்த கட்டமும் பெரும்பாலும் ஒன்றேதான். குரல்கள் போய்விட்டன, இனி மருந்து எதற்கு என்று வீட்டார் நினைக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் பிள்ளை சுறுசுறுப்பாகிவிடுவான் என்று ஓர் உறவினர் யோசனை சொல்கிறார். மாத்திரை நிற்கிறது. முதல் சில வாரங்கள் எதுவும் நடப்பதில்லை, அதனால் எடுத்த முடிவு சரிதான் என்ற தெம்பு பிறக்கிறது. சில மாதங்களில் குரல்கள் திரும்பி வருகின்றன.

இந்தச் சுழலில் சிக்கும் குடும்பங்களுக்குப் பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காதது ஒரு விளக்கம். இந்த நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பங்கு என்ன, எந்த இடத்தில் அதன் பங்கு முடிகிறது, மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பலர் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். மலேசியாவில் கோலலங்காட் மாவட்டத்தின் பந்திங், ஜெஞ்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்து வீடுகளுக்கு அந்த விளக்கம் போய்ச் சேர வேண்டும். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு இணையான சிகிச்சை அது.

விளக்கம் தொடங்க வேண்டிய இடம் ஐரோப்பா அல்ல, கல்கத்தா. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப்பிரமைக்குக் கொடுத்துவந்தார்கள். 1931ஆம் ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு கல்கத்தா மருத்துவர்கள், அந்த வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகம் கவனிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நியூயார்க்கில் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1954இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் இருவரும் குளோர்ப்ரோமசின் என்ற வேறொரு மருந்து கடும் நோயாளிகளின் கொந்தளிப்பை அடக்குவதைக் கண்டிருந்தார்கள். இரண்டு மருந்துகளும் வேலை செய்தன. ஏன் வேலை செய்தன என்பது ஒருவருக்கும் தெரியாது.

விடையின் முதல் துண்டு சுவீடனில், முயல்களிடம் கிடைத்தது. ரிசர்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. ஆர்விட் கார்ல்சன் 1957இல் அவற்றுக்கு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் செலுத்தினார். உடல் அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. ரிசர்பின் மூளையின் டோபமின் சேமிப்பைக் காலி செய்திருந்தது. எல்-டோபா அதை நிரப்பியது. பார்கின்சன் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து இந்த வழியில் வந்ததுதான். 1963இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளரும் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் ஆகிய மருந்துகளும் டோபமின் இயக்கத்தில்தான் கைவைக்கின்றன என்று காட்டினார்கள். 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் கார்ல்சனுக்குப் பங்கு கிடைத்தது.

டொரோண்டோவில் பிலிப் சீமன் 1975இல் இதை இன்னும் நுட்பமாக்கினார். மூளை நரம்பணுக்களின் மேல் டோபமின் வந்து அமரும் ஏற்பிகள் உள்ளன. மனச்சிதைவு மருந்துகள் அந்த ஏற்பிகளைப் போய் அடைத்துக்கொள்கின்றன. எந்த மருந்து இறுக்கமாகப் பற்றுகிறதோ அது குறைந்த அளவிலேயே போதும். தளர்வாகப் பற்றும் மருந்து கூடுதலாகத் தேவைப்படும். மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு ஒத்துப்போனது. அவை அடைப்பது குறிப்பாக டி2 என்று பெயரிடப்பட்ட ஏற்பி வகையை என்பதும் பின்னர் உறுதியானது.

உயிரோடிருக்கும் மனித மூளைக்குள்ளேயே இதை அளக்க 1980களில் பெட் ஸ்கேன் வழிசெய்தது. ஷிதிஜ் கபூர் என்ற இந்திய வம்சாவளி மனநல மருத்துவர், டொரோண்டோவில் நோய் புதிதாகத் தொடங்கிய 22 பேருக்கு ஹாலோபெரிடால் கொடுத்துப் படம் எடுத்தார். டி2 ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டதும் நோய் தணியும் வாய்ப்பு கூடியது. 78 விழுக்காட்டைத் தாண்டியதும் கைகால் விறைப்பும் நடுக்கமும் வந்தன. 2000இல் வெளியான இந்த ஆய்வு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பலன் தரும் அளவுக்கும் துன்பம் தரும் அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சிறியது. பிள்ளை விறைப்பாக நடக்கிறான், எச்சில் வடிகிறது, உட்கார முடியாமல் தவிக்கிறான் என்றால் அதை அடுத்த சந்திப்பு நாள்வரை பொத்திவைக்கக் கூடாது. மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், விறைப்பைத் தணிக்க வேறு மாத்திரை சேர்க்கலாம். வீட்டில் தாமாகவே நிறுத்துவது மட்டும் அந்த வழிகளில் சேராது.

சரி, டோபமின் மிகுந்தால் குரல் ஏன் கேட்க வேண்டும்? கபூர் 2003இல் எழுதிய விளக்கம் இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. ஒவ்வொரு நொடியும் நம் கண்ணிலும் காதிலும் ஆயிரம் விஷயங்கள் வந்து விழுகின்றன. அவற்றுள் இது முக்கியம், இதைக் கவனி என்று முத்திரை குத்தும் வேலையில் டோபமினுக்குப் பெரும் பங்கு உண்டு. மனச்சிதைவின் தொடக்கத்தில், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முத்திரை கண்டதன் மேலெல்லாம் விழத் தொடங்குகிறது.

பந்திங் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். எதிர்க்கடை வாசலில் இருவர் பேசிச் சிரிக்கிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. சிவப்புச் சட்டை அணிந்த ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். நமக்கு இவை கண்ணில் பட்டுப் போகிறவை. அவனுக்கோ மூன்றும் தன்னைக் குறிவைத்தே நடப்பவை. மூன்றையும் இணைக்கும் ஒரு காரணத்தை அவன் மனம் தேடுகிறது. "என்னைக் கண்காணிக்கிறார்கள்" என்ற ஒரே எண்ணத்தில் எல்லாம் பொருந்திவிடுகிறது. அந்த எண்ணம் அவனுக்கு ஆறுதலாகக்கூட இருக்கலாம், புரியாமல் தவித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது அல்லவா? அதனால்தான் அவனிடம் வாதாடி வெல்ல முடிவதில்லை. தன் மனத்தில் எழும் பேச்சே வெளியிலிருந்து வருவதாகப் படும்போது அது குரலாகிறது. மருந்து டி2 ஏற்பிகளை அடைத்ததும் புதிய முத்திரைகள் விழுவது குறைகிறது. கோயில் திருவிழாவில் அலறும் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பது போன்ற வேலை அது. அதுவரை பாடிய பாட்டு காதில் கொஞ்ச காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய சந்தேகங்கள் உதிர வாரங்களும் மாதங்களும் ஆவதற்குக் காரணம் இதுவே.

டோபமினின் பங்குக்கு இன்னொரு சாட்சி கிள்ளான் பள்ளத்தாக்கின் தெருக்களிலேயே இருக்கிறது. அதன் பெயர் சியாபு. மெத்தம்ஃபெட்டமின் என்ற அந்தப் போதைப்பொருள், நரம்பணுக்களில் சேமித்துவைக்கப்பட்ட டோபமினை வெளியே தள்ளி, திரும்ப உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. தொடர்ந்து பயன்படுத்துபவர்களில் பலருக்குக் குரல்கள் கேட்கின்றன, யாரோ துரத்துவதாகத் தோன்றுகிறது. இலண்டனில் பிலிப் கானல் என்ற மருத்துவர் 1958இலேயே, அதே வகையைச் சேர்ந்த ஆம்ஃபெட்டமின் உண்டவர்களின் நிலை மனச்சிதைவிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கிறது என்று விரிவாக எழுதினார். மனச்சிதைவு உள்ளவருக்கு ஆய்வுக்கூடத்தில் சிறிதளவு ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் மற்றவர்களைவிட அதிகமாக டோபமின் வெளியேறுவதை 1990களின் பெட் ஸ்கேன்கள் காட்டின.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இந்த இடத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. "சியாபு அடிச்சான், அதான் பைத்தியமாட்டம் பேசுறான். உள்ள போட்டா தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்குப் போதை விலகியதும் தெளிவது உண்மை. எல்லாருக்கும் தெளிவதில்லை. பின்லாந்தின் தேசிய மருத்துவப் பதிவேடுகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஆம்ஃபெட்டமினால் மனநோய் நிலைக்குப் போய் மருத்துவமனை வந்தவர்களில் 30 விழுக்காட்டினர் பின்னர் மனச்சிதைவு வகை நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். கஞ்சாவால் அந்நிலைக்குப் போனவர்களில் அது 46 விழுக்காடு. போதைப் பழக்கம் என்று முத்திரை குத்தி லாக்கப்பில் வைத்த பிள்ளைக்கு மனநல மருத்துவரின் பரிசோதனையும் தேவை. குடும்பம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னது டோபமின் கதையின் ஒரு பாதி. மறு பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் மாத்திரைகள் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன.

மனச்சிதைவுக்கு இரண்டு முகங்கள். குரல், சந்தேகம், தொடர்பற்ற பேச்சு ஒரு முகம். இன்னொன்று சத்தம் போடாதது: முகத்தில் உணர்ச்சி வற்றுகிறது, பேச்சு ஓரிரு சொற்களில் முடிகிறது, எதையும் தொடங்கும் உந்துதல் இல்லை, குளிப்பதும் உடை மாற்றுவதும் மலையேறுவதுபோல் ஆகின்றன. கவனமும் நினைவாற்றலும்கூடக் குறைகின்றன. இந்த இரண்டாம் முகம் மருந்தால் வந்தது என்றே வீட்டார் நினைக்கிறார்கள். மருந்தின் அளவு கூடிப்போனால் மந்தம் வரும் என்பதும் உண்மை. அதனால்தான் மருத்துவரிடம் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலோரிடம் இந்த ஒடுக்கம் மருந்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பள்ளியில் நன்றாகப் படித்தவன் ஐந்தாம் படிவத்தில் பின்தங்கினான், நண்பர்களைத் தவிர்த்தான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டான் என்று தாயார் பின்னோக்கி நினைத்துப் பார்த்துச் சொல்வார். கத்தல் பெரிதாக இருந்தபோது அந்த ஒடுக்கம் கண்ணில் படவில்லை. கத்தல் அடங்கியதும் அது மட்டும் மிச்சம் தெரிகிறது.

இதற்கும் டோபமினுக்கும் தொடர்பு உண்டா? உண்டு, ஆனால் எதிர்த்திசையில். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையில் டோபமின் இயக்கம் மனச்சிதைவில் குறைந்திருக்கிறது என்ற கருத்து 1980களிலிருந்து வலுத்துவருகிறது. திட்டமிடுவதும் முனைப்போடு ஒன்றைச் செய்துமுடிப்பதும் அந்தப் பகுதியின் வேலை. ஆக, ஒரே மூளையில் ஓரிடத்தில் டோபமின் மிகை, இன்னோரிடத்தில் குறை. மிகையை அடைக்கும் மருந்து குறையை நிரப்பாது. இந்த மருந்துகள் குரலை அடக்குவதில் வல்லவை. ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. குரல் அடங்கிவிட்டதென்றால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலைக்கு வேறு ஆட்கள் தேவை.

குரலை அடக்குவதிலும் எல்லாரிடமும் வெற்றி கிடைப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கு உள்ள சிறந்த மருந்து குளோசபின். அது டி2 ஏற்பிகளை மற்ற மருந்துகளைவிடக் குறைவாகவே அடைக்கிறது, ஆனாலும் மற்றவை தோற்ற இடத்தில் வெல்கிறது. 1988இல் ஜான் கேன் தலைமையில் வெளியான அமெரிக்க ஆய்வில், வேறு மருந்துகளுக்கு அசையாத நோயாளிகளில் 30 விழுக்காட்டினர் ஆறு வாரத்தில் குளோசபினால் தேறினார்கள். குளோர்ப்ரோமசின் கொடுத்தவர்களில் தேறியவர்கள் 4 விழுக்காடு மட்டும். இரத்த வெள்ளையணுக்கள் திடீரெனக் குறையும் ஆபத்து சிலருக்கு இருப்பதால், முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். பந்திங்கிலிருந்து மருத்துவமனைக்கு வாராவாரம் ஓட வேண்டுமே என்று இந்த மருந்தை மறுத்துவிடும் குடும்பங்கள் அதன் பலனையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதை உண்பவர் திடீரென்று சிகரெட்டை விட்டால்கூட மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். புகை நின்றதும் இரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும்.

டோபமின் ஏற்பியை நேரடியாகத் தொடாமலே நோயைத் தணிக்கும் மருந்து ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. சனோமெலினும் ட்ரோஸ்பியமும் சேர்ந்த அந்த மாத்திரைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக அது வேலை செய்கிறது. மரபணு ஆய்வுகளும் படத்தை விரிவாக்கியுள்ளன. 2014இல் வெளியான உலகளாவிய ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 மரபணு இடங்களைக் கண்டது. டி2 ஏற்பிக்கான மரபணு அவற்றில் ஒன்று. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சார்ந்தவையும் இருந்தன. நோய் பல வாசல்கள் வழியாக வருகிறது, டோபமின் அவற்றில் பல வந்து சேரும் கூடம் என்றே இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகம் வைக்க இடமில்லை. 65 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தி வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. முதல் முறை நோய் கண்டவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த 1999ஆம் ஆண்டின் நியூயார்க் ஆய்வு, மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. தினமும் மாத்திரை விழுங்குவதே சண்டையாகும் வீடுகளுக்கு இரண்டு வாரம், ஒரு மாதம் என்ற இடைவெளியில் போடும் ஊசிகள் உள்ளன. நினைவூட்டும் வேலையிலிருந்து அது தாயாரை விடுவிக்கும். அவர் மீண்டும் தாயாக மட்டும் இருக்கலாம்.

வீட்டுப் பேச்சும் இங்கே மருந்தளவுக்குப் பொருட்டு. இலண்டனில் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் 1976இல் காட்டியது இது: ஓயாமல் குறை சொல்லும், பகை காட்டும் அல்லது மூச்சுமுட்டப் பொத்திப் பாதுகாக்கும் வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. பின்னர் சண்டிகரில் நடந்த ஆய்வில், அங்குள்ள குடும்பங்களில் இலண்டனைவிட இத்தகைய கடுமை குறைவாக இருந்தது. அங்கு நோயாளிகள் தேறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதப்பட்டது. "சோம்பேறி", "தண்டச்சோறு" என்ற சொற்கள் நாளுக்குப் பத்து முறை விழும் வீட்டில், அந்தச் சொற்களே நோயைத் திரும்ப அழைக்கின்றன. முன்மூளையில் முனைப்பு குன்றியவனைத் திட்டி எழுப்ப முடியாது. காலில் எலும்பு முறிந்தவனை யாரும் ஓடவில்லை என்று திட்டுவதில்லை.

சிகிச்சைக்கு வருவதற்கு முன் கரையும் காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். மலேசிய சுகாதார அமைச்சின் மனச்சிதைவுப் பதிவேடு 2003 முதல் திரட்டிய விவரங்களின்படி, முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவில் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் போய்விடுகிறது. அந்த இடைவெளி நீள நீள மருந்துக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

அந்த இரண்டு ஆண்டுகள் எங்கே போகின்றன என்பது தோட்டப்புறங்களையும் தாமான்களையும் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. செய்வினை எடுக்க ஒரு மந்திரவாதி, சாமியாடியிடம் குறி, முனீஸ்வரருக்குக் காவு, சிலருக்கு மலாய்ப் போமோ, பிறகு ஊருக்குப் போய் ஒரு நேர்த்திக்கடன். இடையில் கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையும் வரும். அதனால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து சிக்குகிறது. மருத்துவமனை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே திறக்கப்பட்ட மனநோய் விடுதி, இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனையாக எவ்வளவோ மாறிவிட்டது. பழைய பயம் மட்டும் கேலிப்பேச்சில் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது. இன்று பெரும்பாலோருக்கு அங்கே போகும் தேவையே இல்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நிலைபெற்ற நோயாளிகள் சுகாதார கிளினிக்கிலேயே மருந்து வாங்கலாம். புறநோயாளிக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட்.

கோயிலுக்குப் போவதைப் பழிப்பதில் பயனில்லை. துயரத்தில் இருக்கும் தாய்க்குக் கோயில் கொடுக்கும் தெம்பை எந்தக் கிளினிக்கும் கொடுப்பதில்லை. ஆனால் நம்பிக்கையின் பெயரால் சிகிச்சை மறுக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுக்க, அதன் பிறகுதான் அங்கு மருத்துவ வசதி அக்கறையோடு பேசப்பட்டது.

அதே தமிழ்நாட்டில்தான் மாற்று வழியும் உருவானது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்திய டாக்டர் எம். சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்ட அவர் 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பின் டாக்டர் ஆர். தாரா வழிநடத்திய ஆய்வில், 1981-82இல் சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடரப்பட்டார்கள். அவர்களில் கணிசமானோர் தேறி, வேலை பார்த்து, குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் பந்திங் தந்தை ஒருவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

மீதி வேலைக்கு யார் தேவை என்ற கேள்விக்கும் இந்தியாவில் ஒரு பதில் கிடைத்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளோடு நடந்து, 2014இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு அது. மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் நோயைக் குடும்பத்துக்கு விளக்கினார்கள், மருந்து ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று பார்த்தார்கள், குளியல் தொடங்கிக் கடைக்குப் போய்வருவதுவரை சிறு சிறு இலக்குகளை வைத்து உடன் நின்றார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அறிகுறிகளும் முடக்கமும் குறைந்தன. பலன் மிதமானதே, ஆனால் மாத்திரை எட்டாத இடத்தில் கிடைத்த பலன் அது.

மலேசியாவில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு இடம் கொடுத்தது. அதன்படி மெந்தாரி என்ற பெயரில் மையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன; நோயிலிருந்து தேறுபவருக்கு வெளிச்சந்தையில் வேலை தேடிக்கொடுத்து, வேலையில் நிலைக்கும்வரை துணை நிற்கும் திட்டமும் அவற்றில் உண்டு. சமூகநல இலாகாவில் மனநலப் பிரிவின் கீழ் ஓகேயு என்ற மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம். அரசு மருத்துவமனைக் கட்டண விலக்கு முதல் பல சலுகைகள் அதன் மூலம் கிடைக்கும். "பைத்தியம்" என்று பதிவாகிவிடுமே என்று அஞ்சி அட்டை எடுக்காத குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கின்றன.

உடல் நலத்தையும் மறக்கக் கூடாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. மற்ற எல்லா இனத்தாரைவிடவும் அதிகம். ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மருந்து தொடங்கும் நாளிலேயே எடையும் இரத்தச் சர்க்கரையும் அளந்து குறித்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் பார்ப்பது கட்டாயம். மைலோவும் இனிப்புத் தேத்தண்ணியும் குறைய வேண்டியது நோயாளிக்கு மட்டுமல்ல, வீடு முழுவதற்கும்.

கோலலங்காட் மாவட்டத்தில் செய்ய வேண்டியவை பெரும் செலவு கேட்பவை அல்ல. முதலாவதாக, மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தமிழ் நோயாளியின் குடும்பத்துக்கும் ஒரு மணி நேர விளக்கம் தமிழில் தரப்பட வேண்டும்: மருந்து குரலை அடக்கும், முனைப்பைத் தராது, முனைப்பின்மை நோயின் பகுதி, நிறுத்தினால் நோய் திரும்பும். இரண்டாவதாக, பந்திங், ஜெஞ்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் கோயில் நிர்வாகங்கள் தங்கள் பூசாரிகளுக்கும் தொண்டர்களுக்கும் இந்த நோயின் ஐந்தாறு அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, அர்ச்சனைக்கு வரும் குடும்பத்தைக் கிளினிக்குக்கும் வழிகாட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, சுகாதார அமைச்சு அந்த மூன்று மாநில இந்திய ஆய்வு காட்டிய வழியில் உள்ளூர்ப் பெண்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஊதியத்தோடு வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒருவரையொருவர் அறிந்த சமூகம் இது. அதற்கான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாதவை சில உண்டு. பிள்ளை பல வாரங்களாக அறையில் ஒதுங்கி, தனக்குத்தானே பேசி, காரணமின்றி யாரையும் சந்தேகித்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிலோ பந்திங் மருத்துவமனை அவசரப் பிரிவிலோ காட்டலாம். யாரிடம் பேசுவது என்று தெரியாதபோது 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் இருக்கிறது. வர மறுத்துத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் நிலையில், உறவினரின் விண்ணப்பத்தையும் மருத்துவரின் பரிந்துரையையும் கொண்டு அனுமதிக்க மனநலச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஏற்கெனவே மருந்து உண்பவர் வீட்டில் இருந்தால், அடுத்த சந்திப்புக்குப் போகும்போது தாயாரோடு தந்தையும் அண்ணன் தங்கையும் ஒருமுறை உடன் போய் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இந்த மருந்து எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது, சரிசெய்யாததற்கு நாங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?